இரண்டாம் நிலை மெக்கானிக்

நரின் மலைச் சாலைப் பராமரிப்பு அலுவலகத்தில்
அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் பதினாறு.
ஆட்கள் ஒன்பது.
மீதி ஏழையும் நான்தான் வைத்துக் காப்பாற்றுகிறேன்,
பதிவேட்டில், பென்சிலால்.

பனி எங்கள் ஆள்கணக்கைக் கேட்டுக்கொண்டு விழுவதில்லை.
கணவாய் அடைத்தால் அந்தப் பக்கம் மூன்று ஊர்,
ஒரு பிரசவ விடுதி.

பெர்மெட் தலைமைப் பொறுப்புக்கு வந்தது அக்டோபரில்.
பிஷ்கெக்கிலிருந்து ஒரு மடிக்கணினி,
இந்தக் குளிருக்கு ஆகாத காலணி.
முதல் வாரமே எல்லோரையும் கூட்டி
"குறைகளைச் சொல்லுங்கள்" என்றார்.
இதற்கு முன் கேட்டவர்களும் எழுதிக்கொண்டுதான் போனார்கள்.
வாய் திறப்பாரில்லை.
ஷாய்லோபெக் மட்டும்
(தேர்தலன்று பிறந்ததால் அந்தப் பெயர்,
ஆயுளில் எதற்கும் போட்டியிட்டதில்லை)
ஜன்னல் பக்கம் தாடையை அசைத்தார்.
வெளியே பனி அகற்றும் வண்டி,
கியர்பெட்டி கழற்றித் தார்ப்பாய்மேல்.

இரவில் ஓட்டுவதும் பகலில் பழுது பார்ப்பதும்
அதே இரண்டு கைகள்.
எப்போது தூங்க வேண்டும் என்பதற்கு
விடுப்பு விதிகளில் ஒரு பத்தி இருக்கிறது.

மெக்கானிக் டெமிர்லான் மாஸ்கோ போய் மூன்று வருடம்.
பார்சல் கிடங்கில் மூன்று மடங்கு சம்பளம்.
கடைசி நாளில் ஸ்பேனர்களை எல்லாம் துடைத்து
அளவுவாரியாக அடுக்கிவிட்டுப் போனான்.
அதைவிட நல்ல ராஜினாமாக் கடிதம்
என் கோப்பில் இல்லை.

டிசம்பரில் அமைச்சகத்திலிருந்து ஒரு படிவம்.
ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒருவராவது
'எதிர்பார்ப்புக்குக் கீழ்' இருந்தே ஆகவேண்டும்.
பெர்மெட் மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டார்.
குப்பைக்கூடைக் கிழிசல்களில்
ஒவ்வொருவர் பெயரும் ஒருமுறை இருந்தது.
என் பெயர் இரண்டு முறை.

நான்காம் நாள் சிரித்தபடி வந்து தாளை நீட்டினார்:
இரண்டாம் நிலை மெக்கானிக், காலியிடம்.
ஆண்டு முழுவதும் ஒருநாள்கூடப் பணிக்கு வரவில்லை.
எதிர்பார்ப்புக்குக் கீழ்.

கொட்டகையில் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.
அன்றுதான் முதன்முதலாக
தலைவிக்கும் ஒரு கோப்பைத் தேநீர் ஊற்றினார்கள்.

பிப்ரவரியில் பதில்.
கோபம் வரும் என்று நினைத்தோம், அல்லது அங்கேயும் யாராவது
சிரித்திருப்பார்கள் என்று.
ஒரே வரி, வட்ட முத்திரை:
பயனற்ற பணியிடம் நீக்கப்படுகிறது.

ரப்பரை எடுத்து நானேதான் அழித்தேன்.
பென்சில் போனாலும் தாளில் பள்ளம் நின்றது.

யாரும் எதுவும் சொல்லவில்லை.
தேநீர் மட்டும்
பழையபடி பெர்மெட்டே ஊற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.
ஒரு மாலை கொட்டகைக்குப் போய்
வண்டிக்கு அடியில் நீட்டிக்கிடந்த கால்களிடம்
"தப்பு என்னுடையது" என்றார்.
அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்தது:
"பதினாலாம் நம்பர்."
முதலில் பன்னிரண்டைக் கொடுத்தார்.
கை அப்படியே நீண்டிருந்தது.
பிறகு சரியானதைக் கொடுத்தார்.

ஏப்ரல் சேற்றில் ஒரு பையன் வந்தான்,
பிளாஸ்டிக் உறைக்குள் சான்றிதழ், பெயர் எர்மெக்.
மெக்கானிக் வேலை காலி என்று கேள்விப்பட்டானாம்.
பிப்ரவரிவரை காலியாக இருந்தது,
இப்போது காலிகூட இல்லை என்றேன்.
அவனுக்குப் புரிந்ததா, தெரியவில்லை.
தலையாட்டிவிட்டு இறங்கினான்.

முற்றத்தில் வண்டி உறுமிக்கொண்டிருந்தது.
கடந்து போனவன் நின்றான், காதைச் சாய்த்தான்.
"இடது பேரிங். ஒரு வாரம் தாங்கும்"
என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு
மினிபஸ் பக்கம் நடந்தான்.

பெர்மெட் பின்னாலேயே ஓடினார்,
சேற்றில், இப்போது எங்களுடையதைப் போன்ற பூட்ஸில்.
என்ன பேசினார்கள் என்று இங்கிருந்து கேட்கவில்லை.
எந்தத் தலைப்பில், எந்த நிதியில், எத்தனை நாளுக்கு
என்று அவர் எதைத்தான் சொல்லியிருக்க முடியும்?

வருகைப் பதிவேட்டைத் திறந்தேன்.
வந்தது 10.40. போனது 10.52.
பதவி என்ற கட்டத்துக்கு வந்ததும்
பேனாவை மூடி வைத்துவிட்டு
பென்சிலைத் தேடினேன்.